கரையில் ஓடும் மோட்டார் கடலில் ஏன் நிற்கிறது?

பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று கடலில் நின்றுவிட்டால், கரைக்கு வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இன்ஜின் போச்சு." என் அனுபவத்தில் இன்ஜின் போவது அபூர்வம். டேங்க் மூடியில் ஒரு சின்னத் திருகு, டியூபின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்ப், உப்புப் பூத்த ஒரு ஒயர், மணல் தின்ற ஒரு ரப்பர் சக்கரம், இவற்றில் ஏதாவது ஒன்றுதான் அகப்படும். சீனிவாசபுரத்திலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும் மீன்பாடி வண்டியில் ஏறி, மந்தைவெளியில் இருக்கும் என் பட்டறைக்கு வரும் மோட்டார்களில் பலவற்றை நான் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்காமல் இருப்பதும் வேலைதான். நன்றாக இருந்த பழைய மோட்டாரைத் தேவையில்லாமல் பிரித்து, போல்ட் முறிந்து, அதனாலேயே அது காயலான் கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்ஜின், கியர், புரொப்பல்லர் மூன்றும் ஒரே உடம்பாகப் படகின் பின்பலகையில் தொங்கும் இயந்திரம்தான் அவுட்போர்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909-ல் செய்த மோட்டாருக்குப் பிறகுதான் இது உலகெங்கும் விற்கத் தொடங்கியது. யமஹா 1960-லும் சுஸுகி 1965-லும் இந்தத் தொழிலுக்கு வந்தன. நம் கரையின் ஃபைபர் படகுகளில் நீங்கள் அதிகம் பார்ப்பது நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின். அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் குறைவு. அவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் பல கை மாறிய, இரண்டு ஸ்ட்ரோக் பழசு.

மெரினாவிலிருந்து கொட்டிவாக்கம் வரை துறைமுகம் கிடையாது. படகை மணலிலிருந்து தள்ளி, உடையும் அலையைத் தாண்டித்தான் போக வேண்டும்; திரும்பும்போதும் அதே அலையில் ஏறி மணலில் விழ வேண்டும். இந்தச் சிக்கலுக்காகவே மயிலாப்பூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலர் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அலுவலகம் அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் சாலையில் இருந்தது. கரையேறும் படகுகளுக்காக, டீசல் இன்ஜினும் தண்டும் சேர்ந்தே மேலே தூக்கிக்கொள்ளும் 'பாப் டிரைவ்' என்ற அமைப்பை அந்தத் திட்டத்தில்தான் உருவாக்கினார்கள். மணலுக்கும் அலைக்கும் ஈடுகொடுக்காத இயந்திரம் இந்தக் கரையில் நிலைக்காது.

மோட்டார் நிற்பது வண்டி நிற்பது மாதிரி இல்லை. கச்சான் அடிக்கிற நேரத்தில் நின்றால், மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்று படகை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். அதனால் கடலில் இருப்பவருக்குப் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை தெரிந்திருக்க வேண்டும்: முதலில் எரிபொருள், அடுத்து நெருப்பு, பிறகு தண்ணீர்.

ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு தம்பி கடலிலிருந்தே போன் போட்டார். "அண்ணே, நல்லாத்தான் ஓடுது. கொஞ்ச நேரத்துல இழுத்து இழுத்து நின்னுடுது. சும்மா வுட்டா மறுபடி புடிக்குது."

"பல்ப் எப்படி இருக்கு தம்பி? உப்பியிருக்கா, சப்பையா இருக்கா?"

"சப்பையா ஒட்டிக்கினு கீது அண்ணே."

"டேங்க் மூடி மேல இருக்கிற காத்துத் திருகைத் திற."

அவ்வளவுதான். எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப டேங்குக்குள் காற்று போக வேண்டும். கரையில் எண்ணெய் சிந்தாமல் இருக்கத் திருகை மூடுகிறார்கள், அலை தாண்டும் பரபரப்பில் திறக்க மறக்கிறார்கள். கரையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியாது. கடலில் போனால்தான் காட்டும். அந்த ரப்பர் பல்ப்தான் என்னுடைய முதல் சாட்சி. சப்பையாக ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. எத்தனை முறை அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் மோட்டாரில் இருக்கும் எண்ணெய்ப் பம்பின் சவ்வைச் சந்தேகப்படுங்கள். அந்த நிலையிலும் ஒருவர் பல்பை அமுக்க, இன்னொருவர் ஓட்ட, கரை வந்து சேரலாம்.

எரிபொருளே இப்போது மாறிவிட்டது. 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் குடிசையில், பாதி காலியான கேனில், நாள் கணக்கில் கிடக்கும் பெட்ரோல் ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் வாங்கிவிட்டால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இது இரட்டை ஆபத்து. பிஸ்டனுக்கு வழவழப்புத் தரும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மோட்டார் உறிஞ்சுவதோ டேங்கின் அடியிலிருந்து. பழைய ரப்பர் டியூபையும் எத்தனால் உள்ளேயிருந்து ஊற வைத்துக் கெடுக்கும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். கோடு பிரிந்து தெரிந்தால் அந்த எண்ணெய் மோட்டாருக்குள் போகக் கூடாது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள் என்று நான் கெஞ்சாத குறை.

கிருஷ்ணாயிலில் ஓடும் மோட்டார்களுக்கு வேறொரு வழக்கம் தேவை. கிருஷ்ணாயில் குளிர்ந்த இன்ஜினில் சரியாக ஆவியாகாது. அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மாற்றுகிறோம். இதை எல்லாரும் செய்கிறார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட விடுவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அலையில் ஏறிக் கரையடித்த அவசரத்தில் அப்படியே அணைத்தால், கார்பரேட்டர் நிறையக் கிருஷ்ணாயில் தங்கும். மறுநாள் விடியற்காலையில் தோள் கழன்றுபோக இழுத்தாலும் பிடிக்காது. பிளக்கைக் கழற்றி முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

நெருப்பைப் பார்ப்பது எளிது. பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டியபடியே அதன் இரும்புப் பகுதியை இன்ஜின் உடம்பில் அழுத்திக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தாவ வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, டேங்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பொறி வரவில்லை என்றால் உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். நிறுத்தும் பட்டனுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை இழுங்கள். பட்டனுக்குள் உப்பு படிந்தால், யாரும் அமுக்காமலே அது மோட்டாரை அணைத்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் கரை மோட்டார்களைக் கொல்கிறது. கடல் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைப்பது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம். அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர்க் கம்பி. ஆழமில்லாத இடத்தில் மணல் கலங்கிய தண்ணீரில் ஓட்டினால் ரப்பர் தேயும். உப்பும் மணலும் தண்ணீர் போகும் வழியை அடைக்கும். பீய்ச்சல் மெலிந்தால் மோட்டாரை அணைத்துவிட்டு, மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். அப்போதும் வரவில்லை என்றால் இம்பெல்லரை மாற்றாமல் ஓட்டவே கூடாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மணலில் படகு கிடக்கும்போது "சவுண்டு எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று ஸ்டார்ட் செய்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ரப்பர் கொஞ்ச நேரத்திலேயே பொசுங்கும். பாதி வெட்டிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அடிப்பகுதியை அதில் இறக்கி ஓட்டுங்கள். சோதனையும் ஆகும், உள்ளே இருக்கும் உப்பும் கழுவிப் போகும்.

இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் பழுது கீழே இருக்கிறது. சின்ன மோட்டார்களில் புரொப்பல்லரை ஒரு பின் பிடித்திருக்கும். கல்லில் அடித்தால் கியர் உடையாமல் இருக்க அந்தப் பின் முறிந்து உயிர் கொடுக்கும். அந்த இடத்தில் ஆணியைச் செருகினால் அடுத்த அடியில் கியரே போகும். பின் இல்லாத மோட்டாரில் புரொப்பல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் வழுக்கும். நடுவிலும் வெளிவளையத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு, ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர்தான். புரொப்பல்லரைக் கழற்றும்போதெல்லாம் தண்டில் தங்கூஸ் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அறுந்த வலை நூல் சீலுக்குள் புகுந்து அறுத்தால் கியர் ஆயிலில் கடல் தண்ணீர் கலக்கும். ஆயில் பால் நிறத்தில் வெளியே வந்தால் அது நடந்துவிட்டது.

கடைசியாக, அலையில் படகு கவிழ்ந்து மோட்டார் முழுகினால். எடுத்ததும் வெயிலில் காய வைப்பார்கள்; அதுதான் அதற்குக் கெடுதல். உப்புத் தண்ணீரோடு காற்றுப் பட்டதும் பேரிங்கும் கிராங்கும் துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே ஓட்ட முடியாவிட்டால் அது நல்ல தண்ணீர் டிரம்முக்குள்ளேயே முழுகிக் கிடக்கட்டும். ஆள் வந்ததும் பிளக்கைக் கழற்றி, பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். சுற்ற மறுத்தால் பலவந்தம் வேண்டாம். மணல் புகுந்திருக்கும், அப்போதுதான் பிரிக்க வேண்டும். சுற்றினால் கார்பரேட்டரைக் கழுவி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றி, அன்றைக்கே ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறும் வரை டிரம்மில் ஓட விடுங்கள்.