பத்தாவது மாணவனின் இடம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவ் வில்லியம்ஸ் வேதிப் பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்தார். 1950-களின் தொடக்கத்தில் அங்கிருந்த கோல்ஃப் அணியின் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பேர்பெற்ற ஆட்டக்காரர் அல்ல. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் கோல்ஃப் பயிற்சியாளர் என்றால் அப்படித்தான் இருந்தது. ஏதாவது ஒரு பாடத்தின் ஆசிரியரோ, வேறொரு விளையாட்டின் பயிற்சியாளரோ பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போட்டிக்குப் போய்வருவார்.

வில்லியம்ஸ் அந்தக் கூடுதல் வேலையை முழு வேலையாக்கினார். 1956-ல் அவருடைய அணி முதல் தேசியப் பட்டத்தை வென்றது. 1960 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து ஹூஸ்டனுக்குத்தான் பட்டம். 36 ஆண்டுகள் பொறுப்பிலிருந்து 1987-ல் அவர் விலகியபோது கணக்கில் 16 தேசியப் பட்டங்கள் இருந்தன. கல்லூரி கோல்ஃபின் தந்தை என்று அமெரிக்கர்கள் அவரைச் சொல்வது மிகையில்லை. சிறந்த கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஆண்டுதோறும் தரப்படும் விருது இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

தேசியப் போட்டியின் வடிவத்தை மாற்றியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை தனிநபர் பட்டம் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களில் முடிவாகிவந்தது. 1965-ல் எல்லாமே அடிக்கணக்குக்கு வந்தது. பல சுற்றுகள் ஆடி, மொத்தத்தில் யார் குறைவான அடிகளில் முடித்தார்களோ அவர்களே வென்றவர்கள். ஒரு நாள் அதிர்ஷ்டத்துக்கு இதில் இடம் குறைவு. ஆழமான அணியை வைத்திருக்கும் பயிற்சியாளருக்கு ஏற்ற முறை இது.

ஆனால் வில்லியம்ஸைப் பற்றிப் படித்ததில் என் மனத்தில் நின்றது அவருடைய பட்டங்கள் அல்ல. ஜிம் நான்ட்ஸ் என்ற மாணவனின் கதை. 1970-களின் இறுதியில் ஹூஸ்டன் அணியில் சேர்ந்த இவர், போட்டிக்குப் போகும் முதல் ஐவரில் வரக்கூடிய ஆட்டக்காரர் அல்ல. தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனையாளர் ஆக வேண்டும் என்பதே அவர் கனவு. அது தெரிந்தும் வில்லியம்ஸ் அவரை அணியில் சேர்த்துக்கொண்டார். விடுதியில் ஃபிரெட் கப்பிள்ஸ், பிளேன் மெக்காலிஸ்டர் போன்ற திறமைசாலிகளுடன் தங்கவைத்தார். அந்த அறையில் கப்பிள்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றதாகவும் நான்ட்ஸ் பேட்டி எடுப்பதாகவும் நண்பர்கள் ஒத்திகை பார்த்தார்கள். 1992-ல் கப்பிள்ஸ் உண்மையாகவே மாஸ்டர்ஸை வென்றார். சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக அவரைப் பேட்டி கண்டவர் நான்ட்ஸ். இருவரும் கண் கலங்கிவிட்டார்கள். ஒரு போட்டியைக்கூட அணிக்காக வென்று தராத மாணவனுக்கும் இடம் வைத்திருந்ததுதான் அந்தக் காலத்துப் பயிற்சியாளரின் பெருந்தன்மை என்று நான் நினைக்கிறேன்.

ஹூஸ்டனின் கதை ஒரு மனிதரோடு உயர்ந்து அவரோடு தாழ்ந்தது. காலமாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் ஊருக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக ஆண்கள் அணிக்கு 1947 முதல் இன்றுவரை நான்கே தலைமைப் பயிற்சியாளர்கள். அந்த நான்கு பேரை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் இந்தத் தொழில் எப்படி மாறியது என்பது தெரியும்.

முதலாமவர் லேப்ரான் ஹாரிஸ். கோல்ஃப் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். 27 ஆண்டுகளில் 24 முறை தன் வட்டாரக் கூட்டமைப்புப் பட்டத்தை வென்றார். எனினும் தேசியப் பட்டம் ஒரே ஒருமுறை, 1963-ல்தான் கிடைத்தது. காரணம் வில்லியம்ஸின் ஹூஸ்டன். ஹாரிஸின் வேலை பயிற்சித் தரையில்தான் நடந்தது. மாணவனின் பிடியைச் சரிசெய்வது, வீச்சைத் திருத்துவது, மறுபடி அடிக்கச் சொல்வது. 1962-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்ற லேப்ரான் ஹாரிஸ் ஜூனியர் அவருடைய மகன்.

1973-ல் அவருடைய மாணவர் மைக் ஹோல்டர் பொறுப்பேற்றார். அடுத்த 32 பருவங்களில் எட்டு தேசியப் பட்டங்கள். பாப் ட்வே, ஸ்காட் வெர்ப்ளாங்க், சார்லஸ் ஹோவெல் போன்றோர் அவர் கையில் வளர்ந்தவர்கள். பட்டங்களைவிட முக்கியமான ஒன்றையும் ஹோல்டர் செய்தார். நல்ல மாணவர்கள் வர வேண்டுமானால் நல்ல மைதானம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தைத் தானே திரட்ட வேண்டும் என்று கண்டுகொண்டார். நன்கொடையாளர்களின் வீட்டுப் படியேறினார். டாம் ஃபாசியோ வடிவமைத்த கார்ஸ்டன் கிரீக் மைதானம் 1994-ல் திறக்கப்பட்டது. பிங் மட்டை நிறுவனத்தை நிறுவிய கார்ஸ்டன் சோல்ஹைமின் பெயர் அதற்கு. கல்லூரி அணியொன்றின் சொந்த மைதானமாக அது நாடு முழுவதும் பேசப்பட்டது. 2005-ல் ஹோல்டர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கே தலைவரானார். அதையொட்டி எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ் அத்துறைக்கு 16.5 கோடி டாலர் கொடுத்தார். கோல்ஃப் பயிற்சியாளர் என்ற பதவி எங்கிருந்து எங்கே போய்விட்டது, பாருங்கள்!

மூன்றாமவர் மைக் மெக்ரா. வந்த வேகத்தில் 2006-ல் தேசியப் பட்டம் வென்றார். ரிக்கி ஃபௌலர், பீட்டர் யூலைன் போன்றவர்கள் அவர் அணியில் ஆடினார்கள். ஆனால் 2009-ல் விதி மாறியது. அடிக்கணக்கில் முதல் எட்டு இடம் பிடிக்கும் அணிகள் அதன்பிறகு நேருக்கு நேர் மோத வேண்டும். ஐவருக்கு ஐவர், மூன்று வெற்றி போதும். அந்த ஆண்டு அடிக்கணக்கில் முதலிடம் பிடித்த ஓக்லஹோமா ஸ்டேட், மோதல் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜியாவிடம் தோற்றது. 2010 இறுதியாட்டத்தில் அகஸ்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிடம் தோல்வி. 2011-ல் போட்டி கார்ஸ்டன் கிரீக்கிலேயே நடந்தும், அரையிறுதியில் மறுபடி அதே அகஸ்டா ஸ்டேட்டிடம் தோல்வி. பழைய முறை நீடித்திருந்தால் மெக்ராவைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும். 2013-ல் அவர் பொறுப்பு முடிந்தது.

புதிய முறையை நான் குறை சொல்லமாட்டேன். பார்ப்பவர்களுக்கு அது விறுவிறுப்பு. 2014 முதல் கோல்ஃப் சேனல் நேரலையாகக் காட்ட முடிந்தது அதனால்தான். சிறிய கல்லூரிக்கும் வாசல் திறந்தது. ஆனால் பயிற்சியாளரின் ஓராண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் எடைபோடப்படுகிறது.

நான்காமவர் ஆலன் பிராட்டன், ஹோல்டரின் மாணவர். 1995 தேசியப் போட்டியில் டைகர் வுட்ஸ் ஆடிய ஸ்டான்ஃபோர்டும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் சமநிலையில் நிற்க, கூடுதல் குழியில் ஓக்லஹோமா ஸ்டேட் வென்றதே, அந்த அணியில் ஆடியவர். பயிற்சியாளராக 2018-ல் கார்ஸ்டன் கிரீக்கில் இறுதியாட்டத்தில் அலபாமாவை 5-0 என்று வென்றார். விக்டர் ஹோவ்லண்ட், மேத்யூ வுல்ஃப் ஆகியோர் ஆடிய அணி அது. 2025-ல் வர்ஜீனியாவைத் தோற்கடித்து மறுபடி பட்டம். பல்கலைக்கழகத்துக்கு அது பன்னிரண்டாவது.

பெண்கள் பக்கத்தில் மாற்றம் இன்னும் பெரிது. கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசிய கோல்ஃப் போட்டியை 1941-ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி ஆசிரியை கிளாடிஸ் பாமர் நடத்தினார். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972-ல் வந்த பிறகே பெண்கள் அணிகளுக்கு உதவித்தொகையும் முழுநேரப் பயிற்சியாளர்களும் கிடைக்கத் தொடங்கின. ஆண்களின் போட்டியை நடத்திவந்த என்சிஏஏ அமைப்பு பெண்களுக்கான பட்டத்தைத் தொடங்கியது 1982-ல்தான். அதன்பின் அரிசோனா ஸ்டேட்டின் பயிற்சியாளர் லிண்டா வால்ஸ்டெட் ஆறு பட்டங்கள் வென்றார். ஸ்டான்ஃபோர்டில், ஸ்காட்லாந்தில் பிறந்த ஆன் வாக்கர் 2015, 2022, 2024 ஆண்டுகளில் வென்றிருக்கிறார். அவருடைய மாணவி ரோஸ் ஜாங் படிக்கும்போதே அடிடாஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். முந்தைய தலைமுறைப் பயிற்சியாளர்களுக்கு இது கற்பனையிலும் இராது. அப்படிப் பணம் வாங்கினால் அந்த மாணவி ஆடும் தகுதியையே இழந்திருப்பார். 2021 ஜூலையில்தான் அந்தத் தடை நீங்கியது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பயிற்சியாளரின் அன்றாடத்தை அதுதான் மாற்றியது. பல்லாண்டுகளாக முதல்நிலைக் கல்லூரி ஒன்று ஆண்கள் கோல்ஃப் அணிக்கு நான்கரை முழு உதவித்தொகை மட்டுமே தர முடிந்தது; பெண்கள் அணிக்கு ஆறு. நான்கரையை எட்டுப் பத்து மாணவர்களுக்குப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒருவனுக்கு முக்கால், ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். விதை நெல்லை வயல்களுக்குப் பகிர்வதுபோல் எங்கே எவ்வளவு போட்டால் முளைக்கும் என்று யோசித்துப் போட வேண்டியிருந்தது. எதுவுமே வாங்காமல் அணியில் இருந்த மாணவர்களும் உண்டு. வாரந்தோறும் அணிக்குள்ளேயே தகுதிச் சுற்று நடக்கும். முதல் ஐவர் போட்டிக்குப் போவார்கள். ஐவரில் சிறந்த நால்வரின் எண்ணிக்கை கணக்கில் வரும். மற்றவர்கள் ஊரில் இருந்து பந்து அடிப்பார்கள். இரண்டாண்டு அப்படிக் காத்திருந்து மூன்றாம் ஆண்டில் முதல் ஐவருக்குள் வந்தவர்கள் ஒவ்வொரு அணியிலும் இருந்தார்கள். அவர்களைக் கைவிடாமல் வைத்திருந்ததுதான் பயிற்சியாளரின் கலை.

2018 அக்டோபரில் இடமாற்றப் பதிவுமுறை வந்தது. அதற்கு முன் வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டியிருந்தது. இப்போது பெயரைப் பதிந்தால் போதும். இதில் நியாயம் இருக்கிறது: பயிற்சியாளர் மட்டும் விரும்பியபடி வேலை மாறலாம், பதினெட்டு வயது மாணவன் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது சரியில்லை. ஆனால் காத்திருக்கச் சொல்லும் அதிகாரம் பயிற்சியாளரிடமிருந்து போய்விட்டது. தன்னிடம் இருப்பவர்களையே ஒவ்வொரு கோடையிலும் மறுபடி வென்றெடுக்க வேண்டியிருக்கிறது. நான்காண்டு படித்து முடிக்கும் முன்னணி மாணவருக்கு நேரடியாகத் தொழில்முறைச் சுற்றில் இடம் தரும் பிஜிஏ டூர் யுனிவர்சிட்டி திட்டம் 2020-ல் வந்தது ஓரளவு ஆறுதல். மேல்தட்டில் இருப்பவர்களையாவது அது பட்டம் வாங்கும்வரை நிறுத்திவைக்கிறது.

என்சிஏஏ மீது ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த உடன்படிக்கையோடு உதவித்தொகை வரம்பு போனது. அதை ஏற்ற கல்லூரிகள் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் முழு உதவித்தொகை தரலாம். நல்ல செய்திதான். ஆனால் அதற்கு ஈடாக அணியின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. கோல்ஃபுக்கு ஒன்பது பேர். ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. புதிதாக வருபவர்களுக்கு இல்லை.

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. ஒன்பது என்றால் பயிற்சியாளர் ஒன்பதையும் இன்றே ஆடக்கூடியவர்களுக்குத்தான் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் இருந்து, செலவே வைக்காமல், மெதுவாக வளர்ந்தவனுக்கு இடம் போயிற்று. ஜிம் நான்ட்ஸ் இன்று பதினெட்டு வயதில் ஒரு பெரிய அணியின் கதவைத் தட்டினால், டேவ் வில்லியம்ஸே அங்கே அமர்ந்திருந்தாலும் உள்ளே விட விதி இடம் தராது. உதவித்தொகையைத் திறந்ததும் சரி, ஒப்பந்தப் பணத்தை அனுமதித்ததும் சரி. ஆட்களின் எண்ணிக்கையை வெட்டியது தவறு. உதவித்தொகை கேட்காத மாணவனை அணியில் வைத்துக்கொள்ளும் உரிமையையாவது பயிற்சியாளருக்குத் திருப்பித் தர வேண்டும்.

பிள்ளையை கோல்ஃப் உதவித்தொகையில் அமெரிக்காவுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் மைதானத்தின் படத்தையும் தரவரிசையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தலைமைப் பயிற்சியாளர் அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார், அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டையும் அங்கேயே முடித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள்.