எந்த ஆரணி?

தமிழ்நாட்டில் ஆரணி இரண்டு. கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பது பட்டுக்குப் பேர்போன ஆரணி; புவிசார் குறியீடு வாங்கியதும் இந்த ஊர்ப் பட்டுதான். திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தைத் தாண்டினால் ஆரணி ஆற்றங்கரையில் இன்னொரு ஆரணி. அங்கும் நெசவு உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பு. போதாக்குறைக்கு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஓர் ஆர்னி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் நம் பட்டு ஆரணியையும் அப்படித்தான் எழுதிவைத்தார்கள்.

பெயர் மட்டும் போதாது என்பது வரைபடம் போடுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட வழி நிலத்தின் மேல் கட்டம் போடுவது. இதை ஆரணியில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புடவைக்கு டிசைன் போடுகிறவர் கிராஃப் தாளில்தான் போடுகிறார். குறுக்கே போகும் ஒவ்வொரு கட்டமும் ஜக்கார்ட் என்ற தறிக்கருவியின் ஒரு கொக்கி. மேலே ஏறும் ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டை, அதாவது ஊடை ஒருமுறை ஓடும் கணக்கு. நிறம் தீட்டிய கட்டங்களைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். முந்தியில் மயிலின் கண் ஓர் இழை தள்ளி விழுந்திருந்தால், ‘அந்த மயிலில் ஏதோ கோளாறு’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இத்தனையாவது அட்டை, இத்தனையாவது ஓட்டை என்று இரண்டு எண் சொன்னால் வேலை முடிந்தது. நிலத்துக்கும் அதே இரண்டு எண்தான்.

இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போஷீட் (நிலவரைபடத் தாள்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதையும் நான்கு பாகை நீளம், நான்கு பாகை அகலம் உள்ள கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். வடக்கு அட்சரேகை 12 முதல் 16 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 76 முதல் 80 வரை உள்ள கட்டம் 57. அதை ஒவ்வொரு பாகையாக 16 துண்டாக்கி ஆங்கில எழுத்துகள் வைத்தார்கள். தென்கிழக்கு மூலையில் இருப்பது அவற்றில் கடைசி எழுத்தான ‘பி’ (P). அதையும் 16 தாள்களாகப் பிரித்து, மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக எண்ணிக்கொண்டு போனால் பட்டு ஆரணி விழுவது 6-வது தாளில். ஆக 57 பி/6. திருவள்ளூர் ஆரணியோ 80 பாகைக்குக் கிழக்கே இருப்பதால் அதன் எண்ணே 66 என்றுதான் தொடங்கும். முதல் இரண்டு இலக்கத்திலேயே ஊர் பிரிந்துவிட்டது!

ஒரு தாளில் சுமார் 27 கிலோமீட்டர் நீள அகலம் அடங்கும். இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். தாளுக்குள் ஒரு தெருவையோ கிணற்றையோ சுட்ட வேண்டுமானால் கிலோமீட்டர் கட்டம் வேண்டும். இன்று பரவலாகப் பயன்படுவது யுடிஎம் என்ற முறை. உலகத்தை ஆறு ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாக அது வகுக்கிறது. பட்டு ஆரணி 44-வது மண்டலத்தில் வருகிறது. ஊரின் கிழக்கு எண் சுமார் 313 கிலோமீட்டர், வடக்கு எண் சுமார் 1401 கிலோமீட்டர். வடக்கு எண்ணுக்குப் பொருள் எளிது, நிலநடுக்கோட்டிலிருந்து அவ்வளவு தூரம். கிழக்கு எண்ணில்தான் ஒரு சூட்சுமம். மண்டலத்தின் நடுக்கோடான 81 பாகை தமிழ்நாட்டு நிலத்தைத் தொடாமல் கடலில் இறங்கி, இலங்கை வழியாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு 500 என்று ஓர் எண்ணை நாமாகவே கொடுத்துவிட்டோம். மேற்கே போனால் கழித்தல் குறி வரக்கூடாதே! 500-இல் 313 போக மீதி 187. கோட்டுக்கு மேற்கே சுமார் 187 கிலோமீட்டரில் ஆரணி என்று வாசிக்க வேண்டும்.

ஒரு தாளுக்குள் இரண்டு எண்ணுக்கும் சேர்த்து நான்கு இலக்கம் சொன்னால் ஒரு கிலோமீட்டர் சதுரம், ஆறு சொன்னால் நூறு மீட்டர், எட்டு சொன்னால் பத்து மீட்டர். சொல்லும்போது கிழக்கு முதலில், வடக்கு பிறகு. அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லிப் பழகியவர்கள் இங்கேதான் இடறுவார்கள். அங்கே வடக்கு முதலில். கொக்கி எண்ணையும் அட்டை எண்ணையும் மாற்றிப் படித்தால் மயில் என்ன கதிக்கு ஆளாகுமோ, அதே கதிதான் இங்கும். மண்டல எண்ணையும் விடக்கூடாது. திண்டுக்கல்லை ஒட்டிப் போகும் 78 பாகைக் கோட்டுக்கு மேற்கே மண்டலம் 43. கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் கிழக்கு எண்ணை ஆரணிக்காரர் மண்டலம் பார்க்காமல் வரைபடத்தில் வைத்தால் வங்காள விரிகுடாவில் நிற்பார்.

எண் சரியாக இருந்தும் இடம் தவறுவது உண்டு; காரணம், எந்தப் பூமி உருவத்தை வைத்து எண்ணைக் கணக்கிட்டார்கள் என்பது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் முக்கோண அளவையைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, 1804-இல், லியோன் நகரத்து ஜக்கார்ட் தன் தறிக்கருவியை முடித்தார். இரண்டுமே பிறகு ஆரணி வரை வந்து சேர்ந்தன என்பது எனக்குப் பிடித்த தற்செயல். லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் 1830-இல் கணித்த பூமி உருவத்தை வைத்தே நம் பழைய தாள்கள் வரையப்பட்டன. ஜிபிஎஸ் வேறொரு உருவத்தை, டபிள்யூஜிஎஸ் 84-ஐ, வைத்துக்கொண்டு பேசுகிறது. பழைய தாளில் அளந்த எண்ணை அப்படியே போனில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். ஆரணியின் நெருக்கமான தெருக்களில் அது வேறு தெரு, வேறு தறிவீடு. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாறியதால் இந்தத் தலைவலி குறைந்தது. பழைய தாள்கள் புழக்கத்தில் இருக்கும்வரை முழுதாகத் தீராது.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற புது முறையை வெளியிட்டது. ஐஐடி ஐதராபாத்தும் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. 36 பாகைச் சதுரத்துக்குள் இந்தியாவை வைத்து, நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டம் போடு. விழுந்த கட்டத்தை மறுபடி பதினாறாக்கு. இப்படிப் பத்து முறை. கடைசியில் மிஞ்சுவது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான சதுரம். குழித்தறி போட்ட ஓர் அறை ஏறக்குறைய அதில் அடங்கிவிடும். பட்டு ஆரணியின் குறியீடு ‘4டிஜே’ (4TJ) என்று தொடங்குகிறது, திருவள்ளூர் ஆரணியுடையது ‘4டிசி’ (4TC) என்று. மூன்றாவது எழுத்தில் பிரிகின்றன.

எழுத்து ஒத்திருந்தால் பக்கத்து ஊர் என்றும், மாறினால் தூரத்து ஊர் என்றும் நினைத்துவிடக் கூடாது. பட்டு ஆரணிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் 79 பாகை 15 நிமிடக் கோடு போகிறது. டோப்போஷீட்டும் அந்த இடத்தில்தான் தாள் மாறுகிறது, டிஜிபினும் அங்கேதான் இரண்டாம் எழுத்தை மாற்றுகிறது. கோட்டுக்கு இருபுறமும் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு வரப்பைத் தாண்டினால் முதல் எழுத்தைத் தவிர வேறு குறியீடு. தெரு குறுகலாக இருந்து இருபுறமும் மாடி எழும்பியிருந்தால் போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தடுமாறும், கடைசி எழுத்து பக்கத்து வீட்டுடையதாகிவிடும். கூரியர்காரருக்கு ஒன்பது எழுத்து சரியாகப் போய்ச் சேர்ந்தால் பதினைந்து மீட்டருக்குள் வந்துவிடுவார். மிச்சத்துக்குத் தறிச் சத்தம் இருக்கிறது. தரைத்தளமா மாடியா என்பதை மட்டும் பத்து எழுத்தும் சொல்லாது, அதைப் போனில் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.