உஷார்! பாஸ்தா சாது, மேலே ஊற்றுவதுதான் ஆபத்து

சிறுநீரகம் பழுதாகிறது என்று டாக்டர் சொன்னதும் பினாங்கு ஜார்ஜ் டவுன் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ். உப்பு, கிச்சாப் (சோயா சாஸ்) ஆகாது. சரிதான். ஆனால் அடுத்த ஞாயிறு பிள்ளைகள் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கஃபேக்கு அழைத்துப் போய், "இதுல காரமே இல்லப்பா, தைரியமா சாப்பிடுங்க" என்று தக்காளி சாஸ் பாஸ்தாவை முன்னால் வைக்கிறார்கள். காரமா பிரச்சினை?

உப்பில்லாத தண்ணீரில் வெந்த வெள்ளை பாஸ்தா ஒரு கப்பில் பொட்டாசியம் சுமார் 60 மில்லிகிராம்தான். அதன் மேல் ஊற்றும் அரை கப் தக்காளி சாஸில் 300 மில்லிகிராமைத் தாண்டிவிடும். வற்றக் காய்ச்சிய தக்காளி அல்லவா! வடிகட்ட முடியாத சிறுநீரகம் அந்தப் பொட்டாசியத்தை ரத்தத்திலேயே விட்டுவைக்கும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். பலருக்கு முன்னறிவிப்பாக ஒரு வலிகூட வராது.

அடுத்தது சீஸ். பதப்படுத்திய சீஸில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பை உடல் ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். பருப்பில் இருப்பதில் பாதி அளவே சேரும். அரிப்பு, எலும்புத் தேய்மானம், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிவது எல்லாம் மிகையான பாஸ்பேட்டின் வேலை. பாக்கெட்டைத் திருப்பி இ339, இ340, இ450, இ451, இ452 என்ற எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

'சோடியம் குறைந்த உப்பு' வாங்கி வீட்டில் பாஸ்தா வேக வைக்கும் புத்திசாலிகளுக்குத் தனி எச்சரிக்கை. சோடியத்துக்குப் பதில் அதில் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. கிணற்றுக்குத் தப்பித் தீயில் பாய்ந்த கதைதான்.

மலேசியப் பெரியவர்களில் 100க்கு 15 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாக 2018 ஆய்வு சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. கஃபேயில் மெனுவைப் புரட்டும்போது இது நினைவிருக்கட்டும். ஆலிவ் எண்ணெய், பூண்டு மட்டும் போட்ட பாஸ்தா கேளுங்கள். உப்பும் சீஸும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் ஒரு கப்போடு நிறுத்துங்கள். டயாலிசிஸ் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் புரத அளவு வேறு. அதை உங்கள் டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம், பாஸ்தாவுக்குத் துணையாக வரும் ஒரு கிளாஸ் பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழ ஜூஸ். இந்தப் பழத்தில் உள்ள காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சை 2013இல் பிரேசில் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதானது வெளியேற்றாது; மூளைக்கு ஏறும். வாந்தி, குழப்பம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. பெரும்பாலும் முதலில் வருவது விடாத விக்கல். சிறுநீரக நோயாளி இந்தப் பழத்தைச் சாப்பிட்டு விக்கினால், தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், பெலிம்பிங் சாப்பிட்டார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டயாலிசிஸ் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.