லொறிச் சாரதி வேலையும் எங்கள் வீட்டு அடகும்

வன்னிக் கிராமங்களில் பெண்கள் குழுக்களைச் சந்திக்கப் போகும்போது வீட்டுத்திட்டம், காணி, காணாமற்போன உறவுகள் என்பவை பற்றியே அதிகம் பேசுவோம். அண்மைக் காலமாக இவற்றுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "மகனிட்டக் கனரக லைசன்ஸ் இருக்குப் பிள்ளை. போலந்துக்கு லொறி ஓட ஆள் எடுக்கினமாம். நகையை வைச்சு அனுப்பலாமோ?" இதையே மனைவியர் கணவனுக்காகவும், அக்காமார் தம்பிக்காகவும் கேட்கிறார்கள்.

ஓட்டப்போவது ஆண். ஆனால் அடகு வைக்கப்படுவது பெரும்பாலும் பெண்ணின் தாலிக்கொடியும் சீதனக் காணியின் உறுதியும்தான். எனவே சரக்குப் போக்குவரத்துச் சந்தை எவ்வாறு இயங்குகிறது என்பதை வீட்டிலுள்ள பெண்களும் அறிந்திருக்க வேண்டும்.

உள்ளூரில் என்ன நடக்கிறது?

லொறித் தொழிலின் நெளிவு சுளிவுகளை எமக்குக் கற்றுத்தந்தது ஏ-9 பாதைதான். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் பாதை திறந்தபோது லொறி வைத்திருந்தவருக்கு ஓயாத ஹயர். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டதும் அந்த உழைப்பு ஒரே நாளில் நின்றது. போர் முடிந்து பாதை மீண்டும் திறந்த பின் தெற்கிலிருந்தும் லொறிகள் வரத் தொடங்கின. போட்டி கூடியதால் ஹயர் கூலி இறங்கியது.

லொறிக்காரரின் பெரிய கவலை திரும்பி வரும் பயணம். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறி, திரும்பும்போது வெங்காயமோ, வாழைக்குலையோ, கருவாடோ ஏற்றிச் சென்றால்தான் இலாபம். வெறுமையாகத் திரும்பினால் அந்த டீசல் செலவும் முதற் பயணத்தின் கூலியிலிருந்தே கழியும். அதன் பிறகு குறைவது சாரதியின் கைக்காசும் கிளீனரின் கைக்காசும்.

2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் 26 இல் அது 460 ரூபாவாகியது. வரிசையில் நாட்கணக்கில் கிடந்த லொறிகளில் சாரதிகள் சம்பளமின்றி உறங்கினார்கள். ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு, ஓடாத நாள் பட்டினி நாள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் முடங்கிக் கிடந்ததால் பழைய லொறிகளின் விலையும் ஏறிற்று. சாரதியாக இருப்பவர் தன் உழைப்பில் ஒரு லொறி வாங்கி முதலாளியாகலாம் என்ற கனவும் எட்டாத் தூரம் போனது. இந்த நிலையில்தான் வெளிநாட்டு வேலைப் பேச்சு எங்கள் வீடுகளுக்குள் நுழைகிறது.

வெளிநாடுகள் ஏன் ஆள் தேடுகின்றன?

ஆள் தேவை என்பது பொய்யல்ல. சர்வதேச வீதிப் போக்குவரத்து ஒன்றியம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை, 36 நாடுகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாரவூர்திச் சாரதி வேலைகள் வெற்றிடமாக இருப்பதாகக் கூறியது. ஐரோப்பாவில் பழைய சாரதிகள் ஓய்வு பெறுகிறார்கள். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வண்டிக்குள்ளேயே வாழும் தொழிலுக்கு அங்குள்ள இளைஞர்கள் வர விரும்புவதில்லை. 2021 செப்டெம்பரில் பிரித்தானியாவில் எரிபொருள் இருந்தும், அதை நிலையங்களுக்குக் கொண்டு செல்லச் சாரதிகள் போதாமல் நீண்ட வரிசைகள் உருவாகின. அந்நாட்டு அரசு வெளிநாட்டுச் சாரதிகளுக்குத் தற்காலிக விசா வழங்க முன்வந்தது. ஆனால் அது ஒரு சில மாதங்களுக்கான விசா மட்டுமே.

ஏறுவதும் இறங்குவதும்

சரக்குச் சந்தைக்கு ஒரு சுபாவம் உண்டு. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தவர்கள் பொருட்களை வாங்கிக் குவித்தார்கள்; துறைமுகங்கள் நெரிந்தன. 2019 இல் 2,000 டொலருக்கும் குறைவாக இருந்த 40 அடிக் கொள்கலனின் சராசரிக் கடல் வாடகை, 2021 செப்டெம்பரில் 10,000 டொலரைத் தாண்டியது. தரையிலும் கூலி ஏறியது. எல்லா நிறுவனங்களும் சாரதிகளைத் தேடின. 2023 இல் கொள்கலன் வாடகை மீண்டும் 2,000 டொலருக்குக் கீழே இறங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய நூறு ஆண்டு பழைமையான 'யெலோ' என்ற பாரவூர்தி நிறுவனம் கடன்சுமையாலும் குறைந்துபோன சரக்காலும் முறிந்து, சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள்.

இதில் எமக்கொரு பாடம் உண்டு. முகவர் காட்டும் சம்பளக் கணக்கு, சந்தை உச்சத்திலிருந்த காலத்தின் கணக்காக இருக்கலாம். எங்கள் பிள்ளை விசா கிடைத்துப் போய்ச் சேரும்போது சந்தை இறங்கியிருக்கலாம். சந்தை இறங்கும்போது அடகுக்கடை வட்டி இறங்குவதில்லை.

போனவர்களுக்கு நேர்ந்தது

2023 இல் ஜேர்மனியின் கிராபன்ஹவுசன் என்ற இடத்தில், நெடுஞ்சாலையோரத் தரிப்பிடத்தில், போலந்து நிறுவனமொன்றின் சாரதிகள் லொறிகளை நிறுத்திவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். உழைத்த சம்பளம் வரவில்லை என்பதே அவர்களின் குற்றச்சாட்டு. வசந்த காலத்தில் பல வாரங்கள் போராடிச் சம்பளத்தைப் பெற்றார்கள். கோடையில் அதே இடத்தில் இரண்டாவது போராட்டம் தொடங்கியது. செப்டெம்பரில் சிலர் உண்ணாவிரதம் இருந்த பின்னரே அது முடிவுக்கு வந்தது.

ஐரோப்பாவில் சட்டம் இல்லை என்பதல்ல இதன் பொருள். நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணித்தியாலமே ஓட்டலாம். நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். 45 மணித்தியால வாராந்த ஓய்வை லொறிக்குள் கழிக்க விடக்கூடாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு நாட்டில் பதிவுசெய்த நிறுவனத்துக்காக வேறு நாட்டு வீதியில் ஓடும், மொழி தெரியாத சாரதிக்கு அதைக் கேட்டுப் பெறுவது கடினம். ஊரில் கடன் வைத்துவிட்டுப் போனவரால் வேலையை விட்டு வரவும் முடியாது. கடன்தான் அவரைக் கட்டிப்போடுகிறது.

கடன் வாங்குமுன் கேட்க வேண்டியவை

முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா? அனுமதி இருந்தால் மட்டும் போதாது. இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா? பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும், பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் இதைக் கேட்டறியலாம்.

விசா எந்த வகை? சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

எங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தை வைத்து ஐரோப்பாவில் உடனே தொழில்முறையாக லொறி ஓட்ட முடியாது. அங்கு தொழில்முறைச் சாரதிக்கான தகைமைப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். அந்தப் பயிற்சிச் செலவு யாருடையது? பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா?

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓடும் நாளுக்கான படி எவ்வளவு? இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஏமாற்றுவார்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்கி, அதன் பிரதியை வீட்டிலுள்ள பெண் வைத்திருக்க வேண்டும்.

நுண்கடன் எடுத்து ஆள் அனுப்ப வேண்டாம். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. அந்த வேதனை எமக்குப் புதிதல்ல.

உள்ளூரிலேயே முதலாளியிடம் சம்பளத்துக்கு ஓடுபவருக்கும் உரிமைகள் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். "கை நம்பிக்கையில ஓடுறார்" என்று விட்டுவிட்டால், விபத்து நேரும் நாளில் மனைவியின் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

ஏன் ஆண்கள் மட்டும்?

உலகில் நூறு பாரவூர்திச் சாரதிகளில் பத்துப் பேர்கூடப் பெண்கள் இல்லை. ஆனால் எம்மிடையே போர்க்காலத்தில் கனரக வாகனம் ஓட்டிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் அந்தத் திறமையை வெளியில் சொல்லவே தயங்கி, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கிறார்கள். பெண்தலைமைக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்றால் கோழியும் தையலும் என்று திட்டங்கள் ஏற்கெனவே தீர்மானித்து விடுகின்றன. மரக்கறியும் மீனும் உற்பத்தி செய்யும் பெண்கள், அவற்றைச் சந்தைக்கு ஏற்றும் கூலியை வேறொருவருக்கே கொடுக்கிறார்கள். பெண்கள் சங்கங்கள் கூட்டாக ஒரு சிறிய லொறியை எடுத்து, தமது அங்கத்தவர் ஒருவரையே சாரதியாக்கினால் அந்தக் கூலி சங்கத்துக்குள் தங்கும். சாரதிப் பயிற்சிக்கும் அனுமதிப்பத்திரச் செலவுக்கும் உதவி கேட்டு விண்ணப்பிப்பது அதன் முதற்படி.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இவ்விரண்டையும் பேசுங்கள்: எந்த வீட்டில் யார் முகவருக்குக் காசு கட்டப் போகிறார், எங்கள் பெண்களில் யாருக்கு வாகனம் ஓட்டத் தெரியும். முன்னவருக்குத் தகவல் வேண்டும். பின்னவருக்கு வாய்ப்பு வேண்டும்.