தட்டம்மைக்குப் பிறகு ஒரு கரண்டி எண்ணெய்

பெருங்குடியில் அங்கன்வாடிக்குப் போகும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்ன பிளாஸ்டிக் கரண்டியில், மஞ்சளாக, எண்ணெய் போலப் பிசுபிசுக்கும் ஒரு மருந்தை வாயில் ஊற்றுவார்கள். அதுதான் வைட்டமின் ஏ. 9 மாதக் குழந்தைக்கு 1 மில்லி. ஒரு வயதைத் தாண்டினால் 2 மில்லி; அதற்குள் 2 லட்சம் யூனிட் இருக்கிறது. 5 வயது வரை இது தொடரும்.

கண்ணுக்கு நல்லது என்பார் பாட்டி. உண்மைதான், இந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால் அதன் வேலை கண்ணோடு முடிந்துவிடுவதில்லை.

தட்டம்மை வைரஸ் மூக்கு வழியாக நுழைந்து மூச்சுக்குழாய், குடல், கண் எல்லாவற்றின் உட்புறத்திலும் இருக்கும் ஈரமான மெல்லிய தோலைக் கெடுக்கிறது. அந்தத் தோல்தான் நம் உடம்புக்குக் காம்பவுண்டுச் சுவர். அதைத் திரும்பக் கட்ட வைட்டமின் ஏ வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வளரும் தோல் ஈரமில்லாமல் வறண்டு தடித்துப்போகும். காய்ச்சல் நேரத்திலோ சாப்பாடு இறங்காது, வயிற்றுப்போக்கில் சத்து உடம்பில் ஒட்டாது, சிறுநீரோடும் கொஞ்சம் போய்விடும். அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் கையிருப்பு காலியாகிறது! இதற்குள் வேறு கிருமிகள் புகுந்துவிடும். தட்டம்மையில் உயிர் போவது பெரும்பாலும் அதன் பின்னால் வரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும்தான்.

அதனால்தான் தட்டம்மை வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வைரஸைக் கொல்லாது. நோய் வராமல் தடுப்பது தடுப்பூசி மட்டுமே.

இந்தச் சத்தின் பலத்தைக் காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 15,419 சிறு பிள்ளைகளுக்கு ஓராண்டு, வாரம் ஒருமுறை, மருந்து கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஏ கலந்தது. மறு பாதிக்கு அது இல்லாதது. 1990-ல் முடிவு வெளியானது. வைட்டமின் ஏ கிடைத்த பிள்ளைகளிடையே இறப்பு மற்றவர்களில் பாதிகூட இல்லை. கண்ணுக்கான சத்து உயிரையே காத்திருக்கிறது.

இப்போது சமையலறைக்கு வருவோம். அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், தெரியுமா? இளநீர், மோர், கஞ்சி என்று பத்தியம் நடக்கும். நீர் ஆகாரம் மிக நல்லது, வாசலில் வேப்பிலை செருகுவதிலும் நஷ்டமில்லை. ஆனால் பத்தியம் என்று பிள்ளையைப் பட்டினி போடுவது தப்பு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் எண்ணெயை ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கும் பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரைந்துதான் உள்ளே போகும். ஐ.டி. கட்டடங்களுக்குப் பின்னால் பெருங்குடித் தெருவில் நிற்கும் முருங்கையிலிருந்து ஒரு பிடி உருவி வந்து, எண்ணெயே விடாமல் வேகவைத்தால் பாதிப் பலன் வீண். ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, கீரையைப் போட்டு, ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். முட்டையின் மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ நேராகவே இருக்கிறது.

அப்படியானால் மருந்துப் பாட்டிலை மொத்தமாகக் குடித்துவிடலாமா? கூடவே கூடாது! வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். ஏ கல்லீரலில் தேங்கும். 1597-ல் ஆர்க்டிக் பனியில் மாட்டிக்கொண்ட டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் கல்லீரலைச் சமைத்துத் தின்றார்கள். அதில் வைட்டமின் ஏ மலைபோல் குவிந்திருக்கும். எல்லோரும் படுத்துவிட்டார்கள், சிலருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது.

கீரை, கேரட்டில் அந்தப் பயம் இல்லை. தேவையான அளவைத்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும். கேரட்டை வரம்பில்லாமல் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும்.