மேகத்துக்கும் வேண்டும் மறுபிரதி!

பிள்ளைகளே! பட்டுச் சேலையின் முந்தியில் வரிசையாக நிற்கும் மயில்களைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது மயில் இருந்தாலும் ஐம்பதும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் கொண்டைகூடக் கோணியிருக்காது. இத்தனை நுணுக்கத்தையும் நெய்பவர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்?

அவர் வைத்திருப்பதில்லை. தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியும், அதில் மாலை போலத் தொங்கும் அட்டைகளும்தான் வைத்திருக்கின்றன!

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கும் படவேட்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது சந்தவாசல். ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று. ஜக்கார்டு தறி ஓடும் வீட்டுக்குப் போனால் அந்த அட்டைகளைக் கவனியுங்கள். அட்டை முழுவதும் ஓட்டைகள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதற்குரிய பாவு நூல் மேலே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் எழாது. நாடா ஒருமுறை ஓட ஓர் அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள் சேர்ந்தால் ஒரு மயில்!

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804ல் இந்த அமைப்பை உருவாக்கினார். இதைப் பார்த்த இங்கிலாந்துக்காரர் சார்லஸ் பாபேஜ், தமது கணக்கிடும் இயந்திரத்துக்கும் ஓட்டை அட்டைகளால் கட்டளை தரலாம் என்று 1830களில் திட்டமிட்டார். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளைக் கொண்டே எண்ணினார். ஆக, இன்றைய கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு பாட்டி முறை!

தறி போனாலும் மயில் போகாது

இப்போது ஒரு கேள்வி. மழையில் வீடு ஒழுகி, தறியும் அதிலிருந்த சேலையும் பாழாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்த மயிலை மறுபடியும் நெய்ய முடியுமா?

அட்டைகள் பத்திரமாக இருந்தால் முடியும். புதுத் தறி பூட்டி, பாவு ஏற்றி, அதே அட்டைகளை மாட்டினால் அதே மயில் வந்து நிற்கும்.

ஆனால் தறிக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு நோட்டும் இருந்ததே! யாருக்கு எத்தனை சேலை கொடுத்தோம், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அது நனைந்து கூழாகிவிட்டால்? ஆயிரம் அட்டைகள் இருந்தாலும் அந்தக் கணக்கு திரும்பி வராது. நோட்டுக்குத் தனியாக ஒரு நகல் இருந்தால்தான் உண்டு.

அட்டை, நோட்டு. இந்த இரண்டையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இனி மேகத்துக்குப் போவோம்.

மேகத்தில் ஒரு தறிக்கூடம்

உங்கள் பாடநூலில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு சதுரம் இருக்கும். அதுதான் க்யூ.ஆர். கோடு. செல்போனில் காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். 2017ம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்ட 'தீக்ஷா' என்ற தளத்தில் இருந்துதான் அது வருகிறது. அந்த வீடியோ எங்கிருந்து வருகிறது? வானத்து மேகத்தில் இருந்தா? இல்லை. 'கிளவுட்' என்பது பெயர்தான். பூமியில் பெரிய பெரிய கட்டடங்களில் வரிசையாக ஓடும் கம்ப்யூட்டர்களே அவை. சென்னை, மும்பை, புனே, ஐதராபாத் ஆகிய ஊர்களில் இத்தகைய கட்டடங்கள் உள்ளன.

அங்கே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். துறைமுகத்தில் பார்க்கும் சரக்குப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றினாலும் கப்பலில் ஏற்றினாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் அல்லவா? அதுபோல, மென்பொருள் ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த பெட்டிக்குக் 'கன்டெய்னர்' என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் அது ஓடும். இப்படிப்பட்ட பெட்டிகளை ஏற்றி, ஒன்றாக வேலை செய்யும் கம்ப்யூட்டர் கூட்டமே 'கிளஸ்டர்'.

கூட்டம் என்றால் மேய்ப்பவர் வேண்டுமே! அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் 'குபர்னெட்டிஸ்'. கூகுள் நிறுவனம் 2014ல் இதை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. கிரேக்க மொழியில் இந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நம் தமிழில் மீகாமன்! "இந்தப் பெட்டி எப்போதும் 3 ஓடவேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். ஒன்று பழுதாகி நின்றால் மீகாமன் உடனே இன்னொன்றை ஓடவிடுவார். பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

அப்படியானால் கவலையே இல்லை என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து! ஒரு பெட்டி போனால் மீகாமன் பார்த்துக்கொள்வார். கப்பலே மூழ்கினால்? மீகாமனும் சேர்ந்தல்லவா மூழ்குவார்!

காப்புப் பிரதியில் என்ன இருக்க வேண்டும்?

முதலாவது, அட்டை. எந்தப் பெட்டி, எத்தனை, எப்படி ஓடவேண்டும் என்று எழுதிய குறிப்புகள். இரண்டாவது, நோட்டு. மக்கள் பதிந்த விவரங்கள், மதிப்பெண்கள், படங்கள், கணக்குகள்.

பெட்டிக்குள் உள்ள மென்பொருள் தொலைந்தால் அதைச் சேமித்துவைத்த கிடங்கில் இருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பதிந்த விவரம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னாளில் கட்டடத்தை மீண்டும் கட்டினார்கள். அச்சு நூல்களுக்கு வேறு ஊர்களில் பிரதி கிடைத்தது. ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகள்? போனது போனதுதான்.

கிளஸ்டரின் அட்டையையும் நோட்டையும் சேர்த்து நகலெடுக்கத் தனி மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஒன்று 'வெலேரோ'. ஸ்பானிய மொழியில் பாய்மரக் கப்பல் என்று பொருள். பெட்டி, மீகாமன், பாய்மரக் கப்பல்... பெயர் வைத்தவர்களுக்குக் கடல் மீது எத்தனை ஆசை பாருங்கள்!

நடந்த கதைகள் மூன்று

*கதை ஒன்று.* கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, இரவு வெகுநேரம் வேலை பார்த்த ஒரு பொறியாளர், இரண்டாவது கம்ப்யூட்டரில் அழிக்கவேண்டியதை முதன்மைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜி.பி.யில் சுமார் 4.5 ஜி.பி. மட்டுமே மிச்சம்! நகலெடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒரு நகல் பல நாளாக எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்லும் எச்சரிக்கைக் கடிதங்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. நல்லவேளை, 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. நடந்ததை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். அதனால் மற்றவர்களும் பாடம் கற்றார்கள்.

*கதை இரண்டு.* ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்பது ஓய்வூதியப் பணத்தைக் காக்கும் அமைப்பு. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு அதன் பொறுப்பு. 2024 மே மாதம், அமைப்பின்போது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், கூகுள் கிளவுட்டில் இருந்த அதன் இடங்களில் ஒன்று அழிந்துபோனது. அதற்காக இரண்டு இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்து போயின! ஆனால் அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தார்கள். அதுவும் கைகொடுக்க, ஒரு வாரத்துக்கு மேல் பாடுபட்டு எல்லாவற்றையும் மீட்டார்கள்.

*கதை மூன்று.* தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசின் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே அவற்றுக்கு நகலே எடுக்கவில்லையாம். திரும்பி வரவில்லை.

மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தவறு மூன்று இடத்திலும் நடந்தது. மீண்டவர்கள் யார், மீளாதவர்கள் யார் என்பதைத் தீர்மானித்தது நகல்தான்.

மீட்பது எப்படி?

அதற்கும் வரிசை உண்டு. தறி நாட்டாமல் பாவு ஏற்ற முடியாது; பாவு ஏற்றாமல் நாடா ஓட்ட முடியாது அல்லவா?

முதலில் புதிய கம்ப்யூட்டர்களைக் கொண்டு புதுக் கிளஸ்டர் அமைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி அறை. அடுத்து நோட்டுகளை, அதாவது விவரங்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதன்பின் சாவிகள், கடவுச்சொற்கள். அப்புறம்தான் பெட்டிகளை ஓடவிட வேண்டும். முன்கூட்டியே ஓடவிட்டால் பெட்டி வந்து நோட்டைத் தேடும், கிடைக்காமல் நின்றுவிடும். எல்லாம் சரியா என்று சோதித்த பிறகே வாசலைத் திறந்து மக்களை உள்ளே விடவேண்டும்.

"இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் எழுதினால் போதாதா?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! கண்ணாடி முன் நின்று நெற்றிப் பொட்டை அழியுங்கள். கண்ணாடியில் இருப்பவரின் பொட்டும் அழிந்துபோகும். கூடவே எழுதுவது கண்ணாடி மாதிரி. தவறையும் அப்படியே எழுதிவிடும். நேற்று எடுத்த புகைப்படத்தில்தான் பொட்டு அப்படியே இருக்கும். காப்புப் பிரதி என்பது அந்தப் புகைப்படம்.

3 - 2 - 1 மந்திரம்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய எளிய விதி இது. எதற்கும் 3 பிரதி வேண்டும். அவை 2 வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். 1 பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் மூன்று பிரதி வைத்தால் ஒரே வெள்ளத்தில் மூன்றும் போய்விடுமே!

இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த நகலை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பக்கூடாது. கிட்லேப் கதை சொல்லும் பாடம் அதுதான்.

இந்த வாரம் செய்யுங்கள்!

* உங்கள் வீட்டில் ஒரே பிரதியாக இருப்பது எது? தாத்தாவின் பழைய புகைப்படமா, அம்மா செல்போனில் உள்ள தம்பியின் முதல் நடை வீடியோவா, பாட்டிக்கு மட்டுமே தெரிந்த மிளகுக் குழம்பின் பக்குவமா? பட்டியல் போடுங்கள்.

* பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவற்றுக்கு ஒரு நகல் எடுங்கள். பாட்டியின் பக்குவத்தை நோட்டில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் நகலெடுத்துத் தராதீர்கள்.

* ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்துவையுங்கள்.

* கடைசியாக, சோதனை. பாட்டியிடம் கேட்காமல், நீங்கள் எழுதிய பக்குவத்தை மட்டும் பார்த்து அம்மாவைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். அதே ருசி வந்தால் உங்கள் காப்புப் பிரதிக்கு நூற்றுக்கு நூறு. வராவிட்டால் விட்டுப்போனது என்ன என்று பாட்டியிடம் ஓடிப்போய்க் கேளுங்கள். சொல்ல அவர் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்!