சர்ச் ராக்: சுரங்கம் மூடியது, ஆற்றங்கரை மண் ஆறவில்லை

மேயப் போகும் செம்மறியாடு புல்லை மட்டும் தின்பதில்லை. தரையை ஒட்டிக் கடிக்கும்போது வேரும் மண்ணும் சேர்ந்தே உள்ளே போகின்றன. கோடையில் புல் குட்டையானால் இன்னும் கூடுதலாக. ஆடு வளர்க்கும் உங்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சர்ச் ராக் என்ற இடத்தில் நடந்ததைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

அங்கே வாழ்பவர்கள் நவஹோ பழங்குடியினர். செம்மறி வளர்ப்பு அவர்களின் பரம்பரைத் தொழில். 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்தில் சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டியெடுக்கப்பட்டது. நிறுவனங்கள் கிளம்பிய பிறகு கைவிடப்பட்டுக் கிடப்பவை 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள்.

தாதுவை அரைத்து, அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரித்த பின் மிஞ்சுவது கழிவுச் சேறு. யுரேனியத்தில் பெரும்பகுதி போனாலும் ரேடியமும் தோரியமும் அதிலேயே தங்கிவிடும். சர்ச் ராக் ஆலையில் இதை மண் அணைக்குப் பின்னால் தேக்கியிருந்தார்கள். அணையில் முன்பே விரிசல் தெரிந்திருந்தது. 1979 ஜூலை 16 அதிகாலையில் அது உடைந்தது. சுமார் 1,100 டன் கழிவும் 35 கோடி லிட்டர் அமில நீரும் புவெர்கோ ஆற்றில் இறங்கி, அரிசோனா எல்லையைத் தாண்டி ஓடின. ஆடுமாடுகள் தண்ணீர் குடித்த ஆறு அது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை உலகமே அறியும். இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கொட்டிய கழிவில் அள்ளி எடுத்தது மிகச் சிறு பகுதிதான். சில மாதங்களிலேயே ஆலை மீண்டும் ஓடியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1982-ல்தான் மூடினார்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். சுண்ணாம்பு கலந்த மண்ணில் பட்டதும் அமிலம் தணிந்து, கரைந்திருந்த உலோகங்களில் பல படிந்துவிடும். யுரேனியம் அப்படிச் சும்மா இருக்காது. கார்பனேட் மிகுந்த நீரில் மறுபடி கரைந்து நிலத்தடிக்கு நகரும். பயிர் உறிஞ்சுவதில் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடுவதால் தானியத்தில் ஏறுவது குறைவு. குடிநீர், மண்ணோடு மேயும் கால்நடை, கிழங்கு வகைகள் ஆகியவைதான் கவலைக்குரியவை. உடலுக்குள் போன யுரேனியம் சிறுநீரகத்தைத் தாக்கும்; ரேடியம் எலும்பில் சேரும்.

சர்ச் ராக் சுரங்கக் கழிவை ஆலை வளாகத்துக்கு மாற்றுவதென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-ல்தான் முடிவெடுத்தது. அணை உடைந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒன்று: உப்புத்தன்மையும் கார அமில நிலையும் பார்க்கும் வழக்கமான நீர்ப் பரிசோதனையில் யுரேனியம் தெரியாது. சுரங்கத்தை ஒட்டிய கிணறாக இருந்தால், யுரேனியத்துக்கென்று தனியாகக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். காய்ச்சினால் இது போகாது. மாதிரியைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுங்கள்.